காலேஜில் இதெல்லாம் ஒரு பாடமா?

கோபியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. படிக்கிறாளாம். இந்த வருஷம் பாலினம் பற்றி ஒரு பாடம் வைத்திருக்கிறார்களாம். லீவுக்கு வந்த பெண் கூடத்தில் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை அம்மா புரட்டிப் பார்த்திருக்கிறார். ஆண், பெண், திருநங்கை, ஓரினச் சேர்க்கை என்று பக்கத்துக்குப் பக்கம் வர, அவருக்குப் பகீரென்றிருக்கிறது. "ஏனுங்க, கடனை வாங்கி ஃபீஸ் கட்டறது இதைப் படிக்கறதுக்குங்களா? இதைப் படிச்சுட்டு எந்த வேலைக்குப் போவா? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். நான் பிளஸ் டூவோடு நின்றவள். அதனால் என் அண்ணன் மகளைப் பிடித்தேன். அவள் கோவையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். "அத்தை, நான் சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும். நீங்களே படிங்க" என்று நாலைந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். சமையல் முடிந்து, மத்தியானம் கண் அயர்கிற நேரத்தை விட்டுக்கொடுத்து ஒரு மாசமாகப் படித்தேன். சில புத்தகங்கள் எனக்கு விளங்கவே இல்லை. பெண்களைப் பற்றிப் பெண்களே எழுதிய தமிழ்ப் புத்தகம், தமிழ் தெரிந்த ஒரு பெண்ணுக்கு விளங்காமல் இருப்பது என்ன நியாயமோ! அந்தப் பேராசிரியைகள் ஒரு தரம் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்து கத்தரிக்காய் பேரம் பேசிவிட்டுப் போய் எழுதலாம். ஆனால் விளங்கியது எதுவும் நான் பயந்த மாதிரி இல்லை.

இந்தப் படிப்பு வெளிநாட்டிலிருந்து இறங்கியது என்று நினைத்திருந்தேன். நம் நாட்டில் இது வேர்விட்ட கதை வேறு. 1971-ல் மத்திய அரசு, பெண்களின் நிலை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு குழு போட்டது. தலைவி பூல்ரேணு குகா. செயலாளராக இருந்து அறிக்கையை முடித்துக் கொடுத்தவர் வீணா மஜும்தார் என்ற பேராசிரியை. ஓட்டுரிமை இருக்கிறது, சட்டத்தில் சமத்துவம் இருக்கிறது, நாட்டை ஆள்வதே ஒரு பெண். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும் என்றுதான் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். கணக்கை எடுத்துப் பார்த்தால், 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தது, 1971-ல் 930 ஆகக் குறைந்திருந்தது. டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் பெருகிய எழுபது வருஷத்தில் ஆயிரத்துக்கு நாற்பத்திரண்டு பெண்கள் குறைந்து போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் காலேஜ்களில் பெண்களைப் பற்றிய படிப்பு என்று தனியாகத் தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் 1984-ல் கொடைக்கானலில் அன்னை தெரசா பெயரில் மகளிருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வந்தது.

எங்கே போனார்கள் என்பது நம் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியாததா! 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று அரசாங்கம் கொண்டுவந்தபோது முதல் தொட்டிலைச் சேலம் ஜில்லாவில்தானே கட்டினார்கள்.

அடுத்து, 'பாலினம்' என்ற வார்த்தை. உடம்பு ஒன்று, அந்த உடம்புக்கு ஊர் போட்ட சட்டதிட்டம் இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பாலினம் என்கிறார்கள். எங்கள் சத்தியமங்கலத்து மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால், பனியில், இடுப்பில் துணி கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பது பெரும்பாலும் பெண்கள். பொழுது ஏறியதும் மார்க்கெட்டில் ஏலம் கூறுவதும் விலை வைப்பதும் ஆண்கள். பெண்ணுக்கு ஏலம் கூற வாய் இல்லையா? குழந்தையைப் பெறுவது உடம்பு. ஏலக்கடைப் பக்கம் போகாமல் இருப்பது ஊர் வழக்கம். எது உடம்பு, எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தப் பெண் படிக்கிற பாடத்தின் முதல் அத்தியாயம். நம் மாமியார்களிடம் நாம் மனசுக்குள் கேட்ட கேள்வியைத்தான் அங்கே வாய்விட்டுக் கேட்கிறார்கள்.

அண்ணன் மகள் கொடுத்ததில் ஒரு புத்தகம் மட்டும் என்னை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை. 'வெள்ளை மொழி' என்று பெயர். எழுதியவர் ஏ. ரேவதி. நாமக்கல் பக்கத்து ஒரு கிராமத்தில், அது சேலம் ஜில்லாவாக இருந்த காலத்தில், ஆண் குழந்தை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். வீட்டுக்குக் கடைக்குட்டி. வாசல் கூட்டுவது, கோலம் போடுவது, பாத்திரம் விளக்குவது, அக்காவின் பாவாடை சட்டையைப் போட்டுப் பார்ப்பது, இவற்றில்தான் அந்தக் குழந்தைக்கு மனசு. வீட்டில் திட்டு. பள்ளிக்கூடத்தில் பையன்களின் கேலி, வாத்தியார்களின் அடி. மாரியம்மன் பண்டிகையில் குறத்தி வேஷம் கட்டியபோது மட்டும் ஊரே பார்த்து ரசித்தது. வேஷம் கலைந்ததும் பழையபடி ஏச்சு.

அப்புறம் வீட்டைவிட்டு ஓட்டம். திண்டுக்கல், டில்லி, பம்பாய். நடுவில் ஊருக்குத் திரும்பி வந்தபோது கூடப்பிறந்த அண்ணனே கிரிக்கெட் மட்டையால் அடித்ததை அவர் எழுதியிருக்கிறார். பிச்சை எடுத்தது, பாலியல் தொழிலில் தள்ளப்பட்டது, போலீஸிடம் பட்டது என்று எதையும் மறைக்கவில்லை. குழந்தைகள் இருக்கிற வீடு என்பதால் நான் அந்தப் பக்கங்களை விவரிக்கப் போவதில்லை. பெரியவர்கள் படிக்கலாம், படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1999-ல் அவர் பெங்களூரில் 'சங்கமா' என்ற அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். தன்னைப் போன்றவர்களைச் சந்தித்து அவர்கள் வாழ்க்கைகளைக் கேட்டு எழுதி 'உணர்வும் உருவமும்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பிறகு அந்த அமைப்புக்கே இயக்குநராகவும் இருந்தார். அவருடைய சொந்தக் கதை 2010-ல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் முதலில் இங்கிலீஷில் வந்தது. தமிழ்ப் புத்தகம் அடுத்த வருஷம்தான். நாமக்கல்காரர் கதை சத்தியமங்கலத்துக்கு வர இப்படிச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது! இன்றைக்குப் பல காலேஜ்களில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்லர் நூலகம் என்று ஒரு பெரிய கட்டிடம். அதன் நெற்றியில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று பழைய ஞானிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஆண்கள். 1989-ல் ஒரு மாணவி, பெண் எழுத்தாளர்களின் பெயர்களைத் துணியில் எழுதி அதற்கு மேலே தொங்கவிட்டார். முப்பது வருஷம் கழித்து 2019-ல் மறுபடி ஒரு பெரிய துணிப் பதாகை கட்டினார்கள். அதில் நோபல் பரிசு வாங்கிய டோனி மாரிசன் பெயர் இருந்தது. அதே வரிசையில் ஏ. ரேவதி என்ற பெயரும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அடித்த வாத்தியார்கள் யாராவது உயிரோடு இருந்து அதைப் பார்த்தார்களோ என்னவோ!

எங்கள் வீதியிலும் ஒரு பையன் இருந்தான். மார்கழி மாசத்தில் அவன் போடுகிற கோலத்துக்குப் பக்கத்தில் என் கோலம் கிறுக்கல்தான். புள்ளி வைத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். வீதிப் பொடுசுகள் 'ஒம்போது' என்று கத்தும். பெரியவர்களும் சிரிப்பார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த அன்று பொழுதோட போனவன் திரும்பவில்லை. அவனுடைய அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். போன மாசம் பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "அவங்கப்பா அடிச்சாருங்க அம்மணி. நான் குறுக்க போய் விழுந்திருக்கோணும். சோத்தைப் போட்டு வெச்சுட்டு நின்னுட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் நார் முடிந்துகொண்டே இருந்தார். "புது போன் வாங்கித் தர்றேன்னு பெரியவன் சொல்றான். நெம்பர் மாறிப் போச்சுன்னா அவன் கூப்படறப்ப எடுக்க முடியாதில்லீங்க" என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை.

அதனால் சிறு பிள்ளைகளை வைத்திருக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். ஆண் பிள்ளை சொப்பு வைத்து விளையாடினால், பொட்டு வைத்துக்கொண்டால், கோலம் போட்டால் பதற வேண்டியதில்லை. அப்படி விளையாடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் சாதாரணமாக ஆண் பிள்ளைகளாகவே வளர்ந்துவிடுகிறார்கள். சிலர் வேறு மாதிரி இருப்பார்கள். அது அடித்து வந்ததும் இல்லை, அடித்தால் போவதும் இல்லை. மந்திரித்துக் கயிறு கட்டுவது, 'சரி பண்ணித் தருகிறேன்' என்கிறவரிடம் மாத்திரைக்கும் ஊசிக்கும் பணம் கட்டுவது இரண்டும் வேண்டாம். ஒரே பாலினத்தவரிடம் ஈர்ப்பு வருவது நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதற்கு இப்போது தன்பாலீர்ப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். திருநங்கையர், திருநம்பியராக இருப்பதையும் மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய திருத்தத்தை அந்நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் செய்வது டாக்டருக்கு ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை அடிபடுகிறது என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு இல்லை.

மேலே சொன்ன மருத்துவ ஆணையத்தின் அறிவிப்புக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு இளம் பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்கள் போலீஸில் புகார் கொடுக்க, அந்தப் பெண்கள் பாதுகாப்பு கேட்டு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். தன் மனதில் ஊறியிருந்த எண்ணங்கள் எவை என்பதையும் மறைக்காமல் எழுதினார். பெற்றோர்களையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அந்த வருஷம் ஜூன் 7-ஆம் தேதி கொடுத்த உத்தரவில் போலீஸ் இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொன்னார். மருத்துவப் படிப்புப் பாடங்களைத் திருத்த வேண்டும் என்று பின்னால் கொடுத்த உத்தரவில் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதியே பாடம் கேட்க உட்கார்ந்த விஷயத்தை உங்கள் மகள் காலேஜில் படிக்கிறாள், கோபி சகோதரி. மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் இதையே சொல்லுங்கள். வேலை வாய்ப்பு என்று பார்த்தால், பெண்கள், குழந்தைகள் நலனுக்காக இயங்கும் அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. உடனே கை நிறையச் சம்பளம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். தமிழ் எம்.ஏ.வுக்கும் சரித்திர எம்.ஏ.வுக்கும் இதே நிலைமைதானே.

இந்தப் படிப்பில் எல்லாமே எனக்கு ஒப்புதல் என்று எண்ணிவிடாதீர்கள். குடும்பம் என்றாலே சிறை என்பது போல ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது ஒத்துவரவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்தியவள் என்ற முறையில், சிறையும் இருக்கிறது, நிழலும் இருக்கிறது என்பேன். அண்ணன் மகளிடம் சொன்னேன். "அதைத்தான் அத்தை எழுதச் சொல்றோம்" என்றாள். கெட்டிக்காரி.

இப்போது கைக்குழந்தைக்காரர்களுக்கும், வயிற்றில் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கும் முக்கியமான ஒரு விஷயம். இதையும் அந்தப் புத்தகங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

எப்போதாவது சில குழந்தைகள் பிறக்கும்போது, ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாதபடி உறுப்பு அமைந்திருக்கும். சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வளர்ந்த பிறகு, வயதுக்கு வராமல் இருக்கும்போதோ, வேறு ஏதாவது பரிசோதனையிலோதான் தெரியும். இவர்களை இடைப்பாலினர் என்கிறார்கள். புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்க மாட்டீர்கள். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவரிடம் நீ பெண் இல்லை என்று ஊரறியச் சொன்னால் எப்படி இருக்கும்! பிறகு அவர் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தார். அந்தப் பதக்கம் மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டதுதான்.

முன்பெல்லாம் இப்படிக் குழந்தை பிறந்தால், 'ஊருக்குத் தெரிவதற்குள் ஆபரேஷன் செய்து ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்' என்று பெற்றவர்களை அவசரப்படுத்துவது உண்டு. எது பார்வைக்குச் சுலபமோ அதன்படி அறுத்துத் தைத்துவிடுவார்கள். அந்தக் குழந்தை பெரியவளாகி, இல்லை பெரியவனாகி, எனக்கு இது இல்லையே என்று நினைத்தால் வெட்டியதை ஒட்ட முடியாது. தழும்பும், வலியும், சில பேருக்குப் பிள்ளை பெறும் வாய்ப்பே போனதும் மிச்சம். மதுரையைச் சேர்ந்த கோபி சங்கர், தாமே இடைப்பாலினர், இதை நிறுத்த வேண்டுமென்று பல வருஷம் எழுதியும் பேசியும் வந்தார். 2019 ஏப்ரல் 22-ஆம் தேதி மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். திருநங்கையும் மணப்பெண்தான், திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு. அதோடு இந்தக் குழந்தைகளின் ஆபரேஷனையும் தடுக்கச் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றிப் பச்சைக் குழந்தைகளுக்கு இத்தகைய ஆபரேஷன் கூடாது என்று ஆணை போட்டது. இந்தியாவில் இப்படி ஆணை போட்ட முதல் மாநிலம் நம்முடையது.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. இப்படிப் பிறக்கிற சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கோளாறு இருந்து, உடம்பில் உப்புச் சத்து இறங்கிவிடும். பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் வாந்தி, பால் குடிக்காமை, துவண்டு போவது என்று காட்டும். இது உயிருக்கு ஆபத்து. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருந்திலேயே காப்பாற்றலாம். சிறுநீர் வெளியேற வழி இல்லாமல் இருந்தாலும் டாக்டர் சொல்கிறபடி உடனே செய்துதான் ஆகவேண்டும். இவை தவிர, அழகுக்காகவோ ஊர் வாய்க்காகவோ கத்தி வைக்கலாம் என்று யாராவது காகிதத்தை நீட்டினால், வீட்டுப் பெரியவர்கள் எத்தனை அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். "இதைச் செய்யாவிட்டால் குழந்தையின் உயிருக்கு ஆபத்தா?" என்று நேராகக் கேளுங்கள். ஹார்மோன் டாக்டரைப் பார்க்க எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை பெரிதானதும் அவை அதற்கு வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பேர் வைக்க மட்டும் அவசரமில்லை. பேர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் பதினைந்து வயது வரை கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு.